தோட்டாவை நிரப்பிய கை

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துப்பாக்கியின் வரலாற்றையே எழுதினர். குழாயின் நீளம், பொறியின் அமைப்பு, ஆக்கியோன் பெயர் என்பன அந்நூல்களில் விரிவாகப் பேசப்படும். துப்பாக்கியினுள் இடப்படும் தோட்டாவோ சில வரிகளிற் சொல்லி முடிக்கப்படும். ஆயின், ஆழ்ந்து நோக்குமிடத்துத் துப்பாக்கி என்பது ஒரு வெறுங் குழாயே. அது யாது செய்யும் என்பதைத் தீர்மானிப்பது தோட்டாவேயாகும். ஒரு கைத்துப்பாக்கியில் தனிக் குண்டு பொதிந்த தோட்டாவை இட்டால் அது போர்வீரனின் படைக்கலம்; அதே கைத்துப்பாக்கியில் நுண்ணிய ஈயச் சன்னங்கள் பொதிந்த தோட்டாவை இட்டால், சில அடி தூரத்திற் பாம்பையோ சிறு பறவையையோ வீழ்த்தும் கருவி.

கருவியின் இயல்பைத் தோட்டா தீர்மானிக்குமாயின், தோட்டாவின் இயல்பைத் தீர்மானிப்பது அதனை நிரப்பும் கை. அக்கை யாருடையது? படைவீரனுடையதா, அரசினுடையதா, ஆலைத் தொழிலாளியினுடையதா, வேட்டைக்காரனுடையதா? சிறிதாகத் தோன்றும் இவ்வினாவின் பொருட்டுப் பேரரசொன்று ஆட்டங்கண்டது. இளம் பெண்கள் பலர் உயிரிழந்தனர். காட்டு விலங்கினம் ஒன்று அழிவின் விளிம்பை அடைந்தது. காகிதச் சுருளிற் றொடங்கிக் கைத்துப்பாக்கிக்குரிய சன்னத் தோட்டாவரையும் இவ்வினா சென்ற வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காகிதச் சுருள்

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றுஞ் சேர்ந்த வெடிமருந்தைச் சீனர் 9ஆம் நூற்றாண்டளவில் அறிந்திருந்தனர். அது மேற்கே சென்று ஐரோப்பாவிற் றுப்பாக்கி பெருகிய பின்னரும் நெடுங்காலம் வீரன் ஒவ்வொருவனும் மருந்தைக் கொம்பிலோ குடுவையிலோ சுமந்து சென்று, குழாயின் வாயிலிற் கண்ணளவாகக் கொட்டி, ஈயக்குண்டை உருட்டிவிட்டு, கோலால் இடித்து இறுக்கினான். போர்க்களத்துப் புகையிலும் அச்சத்திலும் கண்ணளவு பிழைத்தல் இயல்பே. மருந்து குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. அளவு கடந்தால் குழாய் பிளந்து எய்தவனையே கொல்லும். இதற்குப் பரிகாரமாக, ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை முன்னரே அளந்து சிறு மரக்குப்பிகளில் அடைத்து, தோளிற் குறுக்கே அணியும் வாரிற் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் எழுந்தது. பல வார்களிற் பன்னிரண்டு குப்பிகள் தொங்கியமையாற் பிற்காலத்தோர் அவற்றுக்குப் 'பன்னிரு அப்போத்தலர்' எனப் பெயரிட்டனர்.

அடுத்த படி, மருந்தையும் குண்டையும் ஒரே காகிதத்திற் சுருட்டிவைத்தலாகும். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் றோன்றிய இம்முறையைச் சுவீடன் மன்னன் குஸ்தாவ் அடோல்ப் (ஆட்சி 1611–1632) தன் காலாட்படையிற் பரப்பினான். ஆங்கிலர் தோட்டாவைக் குறிக்க வழங்கும் 'காட்றிட்ஜ்' என்ற சொல்லே, பிரெஞ்சுமொழியின் வழியாக, காகிதச் சுருளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். வீரன் சுருளின் நுனியைப் பல்லாற் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழாயிற் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் மேலே இட்டு இடிப்பான். காகிதமே அடைப்பாகவும் பயன்பட்டது. பயிற்சி பெற்ற வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடவல்லவனானான்.

சுருட்டும் வேலை எளியது. சிறு மரக்கோல் ஒன்றும் காகிதமும் நூலும் இருப்பின் எவ்வீரனும் பாசறையில் அமர்ந்து தன் தோட்டாவைத் தானே ஆக்கலாம். ஆக்குபவன் விரும்பியவாறு உள்ளீட்டை மாற்றலும் இயலும். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1777இல், படைத்தலைவர் ஜோர்ஜ் வொஷிங்ரன் தோட்டாக்களிற் பருஞ் சன்னங்களையும் சேர்த்து இடுமாறு பணித்தார். ஒரு குண்டு தவறினும் சன்னங்களுள் ஒன்றேனும் படும் என்பது கருத்து. துப்பாக்கி மாறவில்லை, தோட்டாவை நிரப்பிய கை மாற்றியது.

ஈயம் மழையாய்ப் பொழிந்த கோபுரம்

சன்னம் என்பது மிளகளவும் கடுகளவுமாய் உள்ள ஈயமணி. நூற்றுக்கணக்கில் வேண்டப்படும் இம்மணிகளை ஒவ்வொன்றாக அச்சில் வார்த்தல் ஆகாத காரியம். ஈயத் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி உருட்டும் பழைய முறையிற் பிறந்த சன்னங்கள் கோணலாயிருந்தமையால் நேரே செல்லவில்லை. இங்கிலாந்தின் முதலாம் சாள்ஸ் மன்னனின் மருகரான ரூபேட் இளவரசர் கையாண்ட ஒரு முறையை விஞ்ஞானி றொபேட் ஹூக் 1665இல் வெளிவந்த 'மைக்கிறோகிறாபியா' என்னும் நூலில் விவரித்தார். ஆசனிக்குச் சேர்மம் ஒன்றைச் சிறிது கலந்த ஈயத்தை உருக்கித் துளைத்தட்டின் வழியே நீரிற் சொட்டவிடுதலே அம்முறை. ஆயினும் வீழும் தூரம் குறுகியதாகையால் மணிகள் முற்றும் உருண்டையாகவில்லை.

இக்குறையை நீக்கியவர் ஒரு பேரறிஞரல்லர். பிரிஸ்டல் நகரில் ஈயவேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ் என்பவர். திரவத்துளி தடையின்றி வீழும்போது தன் மேற்பரப்பின் இழுவிசையால் உருண்டை வடிவம் பெறும். போதிய தூரம் வீழ்ந்தால், நீரைத் தொடுமுன் அதன் புறம் உறைந்து வடிவம் நிலைபெறும். இவ்வுண்மை அவர்க்கு ஒரு கனவில் உதித்தது எனப் பிரிஸ்டல் மக்கள் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும், 1782இல் அவர் தம் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றமை உறுதி. றெட்கிளிவ் குன்றிலிருந்த தம் வீட்டின்மீது கோபுரமொன்றை எழுப்பி, கீழேயும் நிலத்தைக் குடைந்து, உருகிய ஈயத்தை உச்சியிலிருந்து நீர்த்தொட்டியிற் பொழியச் செய்தார். பின்னர்க் கட்டட முயற்சியொன்றிற் பொருளை இழந்து வாட்ஸ் நொடித்துப்போனார். அவரது கோபுரமோ வீதியை அகலமாக்கும் பொருட்டு 1968இல் இடிக்கப்படும்வரை நிலைத்திருந்தது.

இம்முறை விரைவிற் பரவிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே 142 அடி உயரமான கோபுரம் 1808இல் எழுந்தது. பல்ரிமோர் நகரில் 1828இல் எழுந்த கோபுரம் 234 அடி உயர்ந்தது. அஃது இன்றும் நிற்கின்றது. பிலடெல்பியாக் கோபுரத்தின் பங்காளிகளுள் ஒருவரான ஜோன் பிஷப் குவேக்கர் சமயத்தவர். 1812இற் போர் மூண்டு, வேட்டைக்கென ஆக்கிய சன்னம் மனிதரைக் கொல்லப் பயன்படும் நிலை எய்தியபோது அவர் தம் பங்கை விட்டு விலகினார் என்பர். தோட்டாவின் உள்ளீட்டை ஆக்கும் கைக்கும் ஒரு மனச்சாட்சி உண்டென்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

சிப்பாயின் பல்லும் கும்பினியின் தோட்டாவும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீரன் தன் தோட்டாவைத் தானே சுருட்டிய காலம் மறையத் தொடங்கியது. அரசின் படைக்கலச் சாலைகளே இலட்சக்கணக்கிற் சுருட்டி வழங்கின. வீரன் அறியாத கை ஒன்று, அவன் காணாத இடத்தில், அவன் பல்லாற் கடிக்கவேண்டிய பொருளை ஆக்கியது. இதனால் விளைந்ததை 1857ஆம் ஆண்டு இந்திய வரலாறு காட்டும்.

புதிய என்பீல்ட் துப்பாக்கியின் குழாயினுட் புறத்தில் முறுக்குவரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு இறுக்கமின்றி இறங்குதற் பொருட்டுத் தோட்டாவின் ஒரு நுனியிற் கொழுப்புத் தடவப்பட்டது. அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்னும் பேச்சு 1857 சனவரியிற் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையிலிருந்து கிளம்பிற்று. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே இழுக்குத் தரும் பேச்சு அது. அரசு வாளாவிருக்கவில்லை. கொழுப்பற்ற தோட்டாக்களை வழங்கி, சிப்பாய்கள் தாம் விரும்பிய பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என 27 சனவரியில் அனுமதித்தது. பின்னர்ப் பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் எனப் பயிற்சிமுறையையும் மாற்றியது. அரசே தோட்டாவின் ஒரு பகுதியைச் சிப்பாயின் கைக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

ஆனால், அது காலம் பிந்திய செயலாயிற்று. கொழுப்பைப் பற்றிய ஐயம் காகிதத்தின் மீதும் தாவியது. பளபளக்கும் புதிய காகிதமே கொழுப்பு ஊறியது எனப் பெகராம்பூர்ப் படையினர் பெப்புருவரியில் மறுத்தனர். ஏப்பிரில் 24ஆம் நாள் மீரத்தில், 3ஆம் குதிரைப்படையின் 90 வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்க்கு வழங்கப்பட்டவை புதிய என்பீல்ட் தோட்டாக்களல்ல. அவர்கள் நெடுநாட் பழகிய பழைய வகையே. ஐயம் பொருளைக் கடந்து, பொருளை ஆக்கிய கையைப் பற்றிக்கொண்டது. மறுத்தோருட் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மே 9ஆம் நாட் படையினர் அனைவர் முன்னிலையிலும் அவர்க்கு விலங்கிடப்பட்டது. மறுநாள் மீரத் கிளர்ந்தெழுந்தது.

1857இன் எழுச்சிக்குக் காணி, வரி, நாடு பறித்தல், சம்பளம் முதலிய காரணங்கள் பலவுண்டு என வரலாற்றாசிரியர் தக்கவாறே கூறுவர். தோட்டா மட்டுமே காரணமன்று. ஆயினும், ஆள்வோர் மீதுள்ள நம்பிக்கையின்மை அனைத்தும் ஒரு காகிதச் சுருளில் வந்து குவிந்தமை தற்செயலன்று. தன் வாயினுட் செல்லும் பொருளைத் தன் கையால் ஆக்காதவன், ஆக்கியவனை நம்பவேண்டும். அந்நம்பிக்கையே அங்கில்லாதிருந்தது.

பெண்களின் விரல்கள்

படைக்கலச் சாலைகளிற் சுருட்டிய கைகளின் கதையும் மறக்கற்பாலதன்று. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காகிதத் தோட்டாக்கள் எண்ணற்றனவாய் வேண்டப்பட்டன. ஆடவர் போர்க்களஞ் செல்ல, இளம் பெண்களும் சிறுமியரும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அவர்தம் மெல்விரல்கள் விரைந்து சுருட்டவல்லன எனக் கருதப்பட்டது. வறிய குடும்பங்களிற் பிறந்த அவர்க்கு அக்கூலி பெருந்துணையாயிருந்தது.

1862 செப்ரெம்பர் 17ஆம் நாள் பிற்பகலிற் பிற்சுபேக் நகரிலுள்ள அலகெனிப் படைக்கலச் சாலை வெடித்துச் சிதறியது. 78 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் இளம் பெண்கள். அதே நாளில் அன்ரீற்றம் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர் மடிந்தமையாற் செய்தித்தாள்களும் மக்கள் மனமும் அங்கே சென்றன. தோட்டாச் சுருட்டிய பெண்கள் பின்தள்ளப்பட்டனர். 1864 யூன் 17ஆம் நாள் வொஷிங்ரன் படைக்கலச் சாலையில் மேலும் 21 பெண்கள் மாண்டபோது, அரசுத்தலைவர் ஆபிரகாம் லிங்கன் அவரது இறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்டார்.

உலோகக் கூடு

காகிதத்தின் இடத்தை உலோகம் பெறுதற்கு ஒரு பாதிரியாரின் பறவை வேட்டை வழிவகுத்தது. ஸ்கொற்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் பணியாற்றிய அலெக்சாந்தர் போசைத் நீர்ப்பறவைகளைச் சுடுபவர். பழைய துப்பாக்கியிற் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டதும், சன்னம் வந்து சேருமுன் பறவைகள் பறந்துவிட்டன. எட்வேட் ஹவாட் என்பவர் 1800இல் ஆக்கிய பாதரசச் சேர்மம் ஒன்று, தட்டிய அளவிலே தீப்பற்றும் இயல்புடையது. இத்தகைய இரசாயனப் பொருளைக் கொண்டு சுடும் பொறிக்குப் போசைத் 1807இல் ஆக்கவுரிமை பெற்றார். சில ஆண்டுகளுள் அப்பொருள் சிறு செப்புமூடியில் அடைக்கப்பட்டது. அதனை வெடிமூடி என்பது பொருந்தும்.

மருந்து, குண்டு, வெடிமூடி ஆகிய மூன்றையும் ஒரே கூட்டினுள் அடக்க முயன்றோர் பலர். பாரிசு நகரில் வாழ்ந்த சுவிற்சலாந்தினரான சாமுவேல் பவுலி 1812இலும், பிரெஞ்சுக்காரரான லெபோஷே 1830களிலும், புளோபேர் 1840களிலும் இவ்வழியில் முன்னேறினர். கைத்துப்பாக்கியில் இது நிலைபெற்றது அமெரிக்காவிலாகும். சிமித், வெசன் என்னும் இருவர் 1857இல் ஏழு தோட்டாக்களை ஏற்கும் சிறு சுழல்துப்பாக்கியை விற்பனைக்கு விட்டனர். உருளையை முற்றுந் துளைத்துப் பின்புறமாகத் தோட்டாவை இடும் அமைப்பின் உரிமை றொலின் வைற் என்பவரிடம் இருந்தது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சதம் அவர்க்குக் கொடுத்த அக்கம்பனியார், உரிமையைக் காக்கும் வழக்குச் செலவை அவர் தலையிலேயே சுமத்தினர். வழக்குகளிற் பெரும்பொருளை இழந்த வைற், 1869இல் முடிவுற்ற உரிமையை நீடிக்க வேண்டினார். அதற்கு வழிசெய்த மசோதாவை அரசுத்தலைவர் கிறாண்ட் 1870 சனவரியில் மறுத்தார்.

இத்தோட்டாவின் கூடு மென்செப்பாலானது. அதன் விளிம்பின் மடிப்பினுள் வெடிப்பொருள் பூசப்பட்டிருந்தது. சுடுகையிற் பொறி விளிம்பை நசுக்கும். நசுங்கிய கூடு மீண்டும் பயன்படாது. ஆகவே, சுட்டவன் ஒவ்வொரு முறையும் ஆலையையே நாடவேண்டியவனானான். சுருட்டும் கோலும் காகிதமும் கைவிட்டுப் போயின. தோட்டாவை நிரப்பும் ஆற்றல் முற்றாக ஆலைக்குச் சென்றுவிட்டதெனவே தோன்றிற்று.

வெறுங்கூட்டின் மறுபிறவி

அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் 1866ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கின் இரு கரையிலும் தோன்றிய சிறு மாற்றமாகும். பிரித்தானியக் கேணல் எட்வேட் பொக்சரும் அமெரிக்கக் கேணல் ஹைரம் பேர்டனும் கூட்டின் அடிநடுவில் வெடிமூடியைத் தனியே பொருத்தும் முறைகளை வகுத்தனர். பொக்சர் முறையில் வெடிமூடி தன் அடைகல்லைத் தன்னுள்ளே கொண்டது. கூட்டில் ஒரு துளை மட்டுமே இருக்கும். பேர்டன் முறையில் அடைகல் கூட்டின் பகுதியாய் அமைய, இரு நுண்துளைகள் பக்கத்தே இருக்கும். முன்னையதிற் பழைய வெடிமூடியை எளிதில் அகற்றிப் புதியதை இடலாம்; பின்னையதில் அது கடினம். காலப்போக்கில் ஆங்கிலரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தனியாள் தன் தோட்டாவைத் தானே மீள நிரப்பும் வழக்கம் அமெரிக்காவிற் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மேற்குச் சமவெளிகளில் ஆலைத் தோட்டா அரிது, விலையும் மிகுதி. பித்தளைக் கூடோ பலமுறை பயன்படும். 1870களில் அமெரிக்கக் காட்டெருமைகளைத் தோலுக்காகக் கொன்றவர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாய்ச் சுமந்து சென்று, பகலிற் சுட்ட கூடுகளை இரவிற் றீயருகே அமர்ந்து மீள நிரப்பினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோடிக்கணக்கில் இருந்தனவென மதிக்கப்படும் அவ்விலங்குகளுள் 1,091 மட்டுமே எஞ்சியுள்ளன என விலங்கியலாளர் வில்லியம் ஹோணடே 1889இற் கணக்கிட்டார். கைத்திறன் தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அது மலிவாக்கியது கொலையையே.

அவ்வெருமைகளை நம்பி வாழ்ந்த சுதேச மக்களும் இத்திறனை விரைவிற் கற்றனர். பகைகொண்ட குழுக்களுக்கு உலோகத் தோட்டாக்கள் சென்று சேராமற் றடுக்க அமெரிக்கப் பேரவை 1876இற் றீர்மானம் இயற்றியது. ஆயினும் அம்மக்கள் வெடித்த கூடுகளைப் பேணி, வணிகரிடங் கிடைத்த சாதாரண வெடிமூடிகளைப் பொருத்தி மீள நிரப்பினர் என்பதைக் கேணல் றிச்சட் டொட்ஜ் 1882இல் வெளியிட்ட நூலில் வியப்போடு குறித்துள்ளார். ஆலையை ஆள்வோர் தோட்டாவை ஆளலாம். வெறுங்கூட்டை ஆளல் எளிதன்று.

1884இற் கனெற்றிக்கற் மாநிலத்து நியூஹேவன் நகரில் ஜோன் பாலோ என்பவர் 'ஐடியல்' என்னும் கம்பனியை நிறுவி, பாக்குவெட்டி போன்ற சிறு இடுக்கிக் கருவிகளை விற்றார். கூட்டை ஒழுங்காக்கலும் வெடிமூடியைப் பொருத்தலும் குண்டை இறுக்கலும் அதனால் இயன்றன. கம்பனி வெளியிட்ட கைந்நூல்கள், முன்னர் வாய்மொழியாய் இருந்த அறிவை அச்சிற் கொணர்ந்தன. அளவும் ஒழுங்கும் அறியாது நிரப்புவோன் தன் கண்ணையும் கையையும் இழப்பான். ஆதலின், எழுதப்பட்ட அளவு இக்கலையின் உயிர்நிலையாயிற்று.

கைத்துப்பாக்கியிற் சன்னம்

இவ்வளவும் நோக்கியபின், கைத்துப்பாக்கிச் சன்னத் தோட்டாவின் பிறப்பு எளிதில் விளங்கும். கைத்துப்பாக்கியிற் சன்னத்தையும் குண்டையும் ஒருங்கே பெற முதலில் முயன்றோர் கருவியையே மாற்றினர். நியூ ஓலியன்ஸ் நகர மருத்துவர் ழான் அலெக்சாந்தர் லெமாற் 1856இல் ஆக்கவுரிமை பெற்ற சுழல்துப்பாக்கியில், ஒன்பது குண்டுகளை ஏற்கும் உருளையின் அச்சே சன்னத்துக்குரிய இரண்டாங் குழாயாய் அமைந்தது. உள்நாட்டுப் போரிற் றென்மாநிலப் படைத்தலைவர்களான ஸ்ருவேட், போரகாட் முதலியோர் அதனைக் கொண்டிருந்தனர். ஏறக்குறைய 2,900 மட்டுமே ஆக்கப்பட்டன. பாரமும் சிக்கலும் மிக்க அக்கருவி நிலைக்கவில்லை.

உலோகக் கூடு வந்தபின் இரண்டாங் குழாய்க்குத் தேவையே இல்லாமற் போயிற்று. அதே கூட்டிற் குண்டுக்குப் பதிலாகச் சன்னத்தை நிரப்பினாற் போதும். 1880களில் அமெரிக்கப் படையினரின் நீள்துப்பாக்கிக்கு, குடைந்த மரக்குண்டினுள் சன்னம் பொதிந்த தோட்டாக்கள் வழங்கப்பட்டன. வீரர் சிறு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடித் தம் உணவைப் பெருக்கிக்கொள்ளல் நோக்கம். 1883இற் றொடங்கி 1887இல் இலண்டனுக்கும் சென்ற 'பபலோ பில்' கோடியின் காட்சிகளில், ஓடும் குதிரைமீதிருந்து கண்ணாடி உருண்டைகளைச் சுட அவர் சன்னத் தோட்டாக்களையே பயன்படுத்தினார். தனிக் குண்டு அரங்கைக் கடந்து ஊரினுட் செல்லும். சன்னமோ விரைவில் வேகம் இழந்து வீழும். அவரது வின்செஸ்ரர் துப்பாக்கிக்குரிய தோட்டா அக்காலத்துக் கோல்ட் கைத்துப்பாக்கி வகையொன்றுக்கும் பொருந்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நின்றது. கைத்துப்பாக்கிக் குழாயின் முறுக்குவரிகள் குண்டைச் சுழற்றி நேரே செலுத்துவன. அவையே சன்னத் தொகுதியையுஞ் சுழற்றும். சுழன்ற மணிகள் குழாயின் வாயைக் கடந்ததும் புறநோக்கிச் சிதறி, நடுவில் வெற்றிடம் விட்டு வளையமாய்ப் பரவும். குண்டுக்கு நன்மை செய்வது சன்னத்துக்குத் தீமையாகின்றது. வரியற்ற குழாயே இதற்கு நேரிய பரிகாரம். 1920களில் அமெரிக்கக் கம்பனிகள் சில அவ்வாறான கைத்துப்பாக்கிகளை விற்றன. ஆனால், குற்றக் கும்பல்களின் கொடுமையை அடக்க 1934இல் இயற்றப்பட்ட தேசியச் சுடுகலச் சட்டம் அவற்றின்மீது 200 டொலர் வரி விதித்தது. வரி துப்பாக்கியின் விலையைப் பலமடங்கு விஞ்சியமையால் ஆக்கம் நின்றது. இவ்வாறு சட்டம் கருவியின் வழியை அடைத்தபோது, எஞ்சிய வழி தோட்டாவின் வழியே ஆயிற்று. வரியுள்ள குழாயிற் சன்னத்தை ஓரளவு நன்கு செலுத்தும் தோட்டாவை ஆக்குதல் எங்ஙனம் என்பதே பின்வந்தோர் வினா.

இரண்டாம் உலகப் போர் இதற்கு இருவகையில் ஊக்கம் அளித்தது. விமானம் வீழ்ந்து காட்டிலோ தீவிலோ சிக்கும் விமானிகள் பறவைகளைச் சுட்டு உண்ணும் பொருட்டு, அமெரிக்கப் படை தன் கைத்துப்பாக்கிக்குரிய சன்னத் தோட்டாக்களை வழங்கியது. மறுபுறம், போர்க்காலத் தட்டுப்பாட்டால் உள்நாட்டு வேட்டைக்காரர்க்குக் குண்டுகள் கிடைக்கவில்லை. அவருட் சிலர், பயனற்றதென எறியப்பட்ட சிறு விளிம்புவெடித் தோட்டாக் கூடுகளையே அழுத்தி, குண்டுக்குரிய உறையாக மாற்றினர். கலிபோர்ணியாவில் 1943இற் பிரெட் ஹன்ரிங்ரன் தொடங்கிய கருவித் தொழிலும், ஐடகோ மாநிலத்து லூயிஸ்ரன் நகரில் வேணன் ஸ்பியர் தொடங்கிய குண்டுத் தொழிலும் இவ்வாறு பிறந்தவை. மீள நிரப்ப முடியாதென முன்னர்க் கூறப்பட்ட அக்கூடே, கைநிரப்புத் தொழிலின் புதிய யுகத்துக்கு வித்தாயிற்று. அதே நகரில் 1951இல் வெடிமூடித் தொழிலொன்றும் தோன்றியது.

நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில்கள் சன்னத்தை அடக்கும் சிறு பிளாஸ்திக்குச் சிமிழை விற்பனைக்குக் கொணர்ந்தன. சிமிழ் குழாயினுட் சன்னத்தைக் காத்து, வெளியேறியதும் உடைந்து மணிகளை விடுவிக்கும். 1880களின் குடைந்த மரக்குண்டை நினைவூட்டும் கருத்து இது. பாம்பு நிறைந்த மேய்ச்சல் நிலத்திலும் பாலைவழியிலும் செல்வோர் இதனை விரும்பினர். மனிதர்மீது ஏவும் படைக்கலமாகவன்றி, சில அடி தூரத்துக்குள் அடங்கும் கருவியாகவே இதன் புகழ் நின்றது. ஆயினும் ஈயம் நச்சுப்பொருள். வேட்டைநிலங்களிற் சிந்திய சன்னத்தை இரையென விழுங்கிய நீர்ப்பறவைகள் மடிந்தமை உணரப்பட்டு, 1991இல் அமெரிக்கா முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடைசெய்யப்பட்டது. வாட்ஸின் கோபுரத்திலிருந்து பொழிந்த மழை அப்பறவைகளுக்கு நஞ்சாயிற்று என்பதை உலகம் இருநூறு ஆண்டுகள் கழித்தே ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் வீரனின் கை தோட்டாவைச் சுருட்டியது. பின்னர் அரசின் சாலை அதனைப் பெற்றுக்கொண்டது. அதன்பின் ஆலை உலோகக் கூட்டால் அதனை முற்றும் தனதாக்கியது. ஈற்றில், மீளப் பயன்படும் வெறுங்கூட்டின் வழியே அது தனியாளின் கைக்கு ஒருபகுதி திரும்பிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வசதியோடு பொறுப்பும் இடம்பெயர்ந்தது. பொறுப்பு எங்கே சென்றதென ஆராயாத இடங்களிலே துன்பம் விளைந்தது. மீரத்தின் சிப்பாய்க்கு அவன் வாயில் இடும் பொருளின் மூலம் மறைக்கப்பட்டது. அலகெனியின் சிறுமிக்கு அவள் விரலின் விலை குறைத்து மதிக்கப்பட்டது. சமவெளியின் வேட்டைக்காரனுக்கோ எல்லை வகுப்பார் எவரும் இருக்கவில்லை.

பொருள்களைப் பிறர் ஆக்கத் தாம் நுகரும் வாழ்வே இன்றைய வாழ்வு. உணவும் மருந்தும் உடையும் காணாத கைகளால் நிரப்பப்பட்டு வருகின்றன. அவற்றை ஆக்கிய கைகளை அறிதலும், அக்கைகளை நம்பத்தக்கனவாய் வைத்திருத்தலும், அவற்றின் உழைப்புக்கும் உயிர்க்கும் மதிப்பளித்தலும் சமுதாயத்தின் கடமைகளாகும். வரலாற்று மாணவன் பெருங்கோட்டைகளை மட்டுமன்றி ஒரு சிறு வெறுங்கூட்டையும் கையில் எடுத்து நோக்கக் கற்றானாயின், அக்கடமையின் வரலாற்றை அதனுள்ளே காண்பான்.